நாய்க்குத் தெள்ளுப்பூச்சி: குளிப்பாட்டியும் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

உங்கள் கேள்வியின் சாரம் இது: நான்கு வயது ஸ்பிட்ஸ் நாய், ஒரு மாதமாக வாலடியைக் கடித்துக் கடித்து முடி கொட்டிப் புண்ணாகியிருக்கிறது. கடையில் கொடுத்த ஷாம்பு போட்டு மூன்று முறை குளிப்பாட்டியும் பத்து நாளில் அரிப்பு திரும்பிவிடுகிறது. வீட்டில் ஒரு பூனையும் இருக்கிறது. குழந்தையின் கணுக்காலைச் சுற்றிச் சிவப்புத் தடிப்புகள் தெரிகின்றன. இது உண்ணியா, தெள்ளா என்று உங்களுக்கு விளங்கவில்லை. நாயைக் கொஞ்ச நாள் வெளியே கட்டிவிடலாம் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக நாய்களுக்கு மருத்துவம் பார்த்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் விவரித்திருப்பது பெரும்பாலும் தெள்ளுப்பூச்சிதான். ஆனாலும் என் ஊகத்தை நம்பி மருந்து வாங்க வேண்டாம். வீட்டிலேயே பத்து நிமிடத்தில் உறுதி செய்துகொள்ளலாம்.

முதலில் உண்ணியையும் தெள்ளையும் பிரித்தறிய வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் நாயின் உடம்பில் எது ஊர்ந்தாலும் அதை உண்ணி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். உண்ணிக்கு எட்டுக் கால்கள்; அது தோலில் வாயைப் புதைத்து ஓரிடத்திலேயே நாள்கணக்கில் ஒட்டியிருந்து, ரத்தம் குடிக்கக் குடிக்கச் சாம்பல் நிறத்தில் துவரம்பருப்பு போல உப்பும். காது மடலின் உட்புறம், கழுத்து, கால்விரல் இடுக்கு ஆகியவை அதற்குப் பிடித்த இடங்கள். தெள்ளுக்கு ஆறு கால்கள், நீளம் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போகாது, கரும்பழுப்பு நிறம். இரண்டு பக்கமும் அழுத்தித் தட்டையாக்கியது போன்ற உடலமைப்பு இருப்பதால் அடர்ந்த முடிக்கு நடுவே மீன் நீந்துவது போல வழுக்கி ஓடும். முடியை விலக்கிய கணத்தில் ஒரு கரும்புள்ளி ஓடி மறைந்தால் அது தெள்ளு. விலக்கியபின்னும் அசையாமல் இருந்தால் அது உண்ணி. பிடித்து விரலால் நசுக்கினாலும் தெள்ளு எளிதில் சாகாது, விரலைத் தளர்த்தியதும் துள்ளிப் போய்விடும்.

ராஜபாளையம் போன்ற குட்டை முடி நாயின் இளஞ்சிவப்புத் தோலில் தெள்ளு ஓடுவது அப்பட்டமாகத் தெரியும். உங்கள் ஸ்பிட்ஸுக்கு இரண்டடுக்கு முடி இருப்பதால் கண்ணால் தேடுவது வீண் வேலை. தலைப்பேன் எடுக்கும் நெருக்கமான பல் கொண்ட பேன்சீப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அகலமான கிண்ணத்தில் சோப்புத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நாயை ஒரு வெள்ளைத் துணியின்மேல் நிறுத்தி, இடுப்பிலிருந்து வால் தொடங்கும் இடம் வரையிலும், பின்னந்தொடைகளின் பின்புறத்திலும், அடிவயிற்றிலும் தோலை ஒட்டி மெதுவாகச் சீவுங்கள். சீப்பில் சிக்கும் தெள்ளை உடனே சோப்புத் தண்ணீரில் முக்கிவிட வேண்டும்; வெறும் தண்ணீரானால் அது மிதந்து தப்பிக்கும்.

தெள்ளே கிடைக்காவிட்டாலும் அதன் எச்சம் கிடைக்கும். மிளகைப் பொடித்துத் தூவியது போல வெள்ளைத் துணியில் கறுப்புத் துகள்கள் உதிர்ந்திருக்கும். அது மண்ணா, தெள்ளின் எச்சமா என்று அறிய, அந்தத் துகள்களை ஈரமான வெள்ளைப் பஞ்சில் ஒற்றி ஒரு நிமிடம் காத்திருங்கள். மண் மண்ணாகவே இருக்கும். தெள்ளின் எச்சமானால் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் செம்பழுப்பு வளையம் ஒன்று கசிந்து படரும். அது செரித்தும் செரிக்காமலும் வெளியேறிய, உங்கள் நாயின் உலர்ந்த ரத்தம். ஒருமுறை ஒரு பெண்மணி, குட்டியைக் குளிப்பாட்டும்போது தண்ணீரெல்லாம் சிவப்பாக ஓடுகிறது, எங்கே காயம் என்றே தெரியவில்லை என்று அழுதுகொண்டு தூக்கி வந்தார். காயம் எதுவும் இல்லை. அந்தக் குட்டியின் முடிக்குள் அவ்வளவு எச்சம் மண்டியிருந்தது. நான் பல் ஈறை அழுத்திப் பார்த்தபோது அது ரத்தம் குறைந்து காகிதம் போல வெளுத்திருந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. சில நாய்களுக்குத் தெள்ளின் உமிழ்நீரே ஒவ்வாமையை உண்டாக்கும். அப்படிப்பட்ட நாய்க்கு நூறு தெள்ளு தேவையில்லை. ஓரிரண்டு கடித்தாலே நாள்கணக்கில் அரிக்கும். அரிப்புத் தாங்காமல் தன்னையே நக்கியும் கடித்தும் இருக்கிற தெள்ளுகளை அது விழுங்கிவிடுவதால், நாம் சீவிப் பார்க்கும்போது ஒன்றுகூட அகப்படாது. வாலடியிலும் பின்னிடுப்பிலும் மட்டும் முடி கொட்டி, தோல் தடித்து, ஈரப்புண்ணாக மாறியிருக்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பது இந்த ஒவ்வாமைக்கே உரிய அடையாளம். ஆகையால் தெள்ளு கண்ணில் படவில்லை என்பதை மட்டும் வைத்து, இது உணவு ஒவ்வாமை என்று முடிவு கட்டி, முட்டையையும் கோழிக்கறியையும் நிறுத்திவிட வேண்டாம்.

இனி, குளிப்பாட்டியும் ஏன் திரும்பி வருகிறது என்பதற்கு வருகிறேன். உங்கள் கேள்வியின் உயிர்நாடி இதுதான்; இதைப் புரிந்துகொள்ளாமல் எந்த மருந்தை வாங்கினாலும் பணம் வீணாகும்.

தெள்ளு நாயின்மேல் ஏறி ரத்தம் குடித்த ஒன்றிரண்டு நாளுக்குள் பெண் தெள்ளு முட்டையிடத் தொடங்கிவிடும். நன்றாகக் குடித்துத் தேறிய ஒன்று நாளொன்றுக்கு நாற்பது ஐம்பது முட்டைகள்கூட இடும். இந்த முட்டைகள் பேனின் ஈரைப் போல முடியில் ஒட்டிக்கொள்வதில்லை. உப்புத்தூள் போல வழவழப்பாக இருப்பதால், நாய் உடம்பைச் சிலிர்க்கும் ஒவ்வொரு முறையும் அது படுக்கும் இடத்திலெல்லாம் உதிர்ந்து விழுகின்றன. சில நாளில் அவற்றிலிருந்து வெளிவரும் மெல்லிய வெண்புழுக்கள் வெளிச்சத்துக்கு அஞ்சி, கட்டிலடி, சோபாவின் மடிப்பு, கயிற்றுப்பாயின் பின்னல், தரையோட்டின் இணைப்பு, வாசலில் மிதியடியாகப் போட்ட சாக்கு என்று இருட்டைத் தேடிப் போய்விடும். அங்கே அவை தின்று வளர்வது எதை என்றால், தாய்த்தெள்ளுகள் நாயின் உடம்பிலிருந்து உதிர்த்த அதே ரத்த எச்சத்தைத்தான். பிறகு புழு பட்டு போன்ற நூலால் ஒட்டும் தன்மையுள்ள ஒரு கூட்டைக் கட்டிக்கொள்ளும். தூசியும் மணலும் அதன்மேல் ஒட்டி, ஒரு மண்துகளாகவே தோன்றும். அந்தக் கூட்டுக்குள் பூச்சிக்கொல்லி அநேகமாக நுழைவதில்லை. சூடும் ஈரமும் ஒத்துழைத்தால் முட்டையிலிருந்து முழுத் தெள்ளாவதற்கு மூன்று நான்கு வாரம் போதும். ஒத்துழைக்காவிட்டால் முழுமையடைந்த தெள்ளு அந்தக் கூட்டுக்குள்ளேயே மாதக்கணக்கில் காத்திருக்கும்.

எதற்காகக் காத்திருக்கிறது? காலடி அதிர்வு, உடற்சூடு, மூச்சுக்காற்று ஆகியவற்றுக்காக. இதை நான் நேரிலேயே கண்டிருக்கிறேன். வயதான தம்பதியர் தம் நாயையும் அழைத்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் தங்கிவிட்டு வந்தார்கள். நாய்க்குத் தோல்நோய் என்று பார்க்கப்போன நான், பூட்டிக் கிடந்த முன்னறையைத் திறந்து நடுவில் நின்றேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்தப் பெரியவரின் வெள்ளை வேட்டியில் முழங்காலுக்குக் கீழே கரும்புள்ளிகள் ஒவ்வொன்றாகத் தொற்ற ஆரம்பித்தன. வீட்டில் நாயே இல்லாத இரண்டு மாதத்தில் எங்கிருந்து வந்தது என்று அவர் திகைத்துப்போனார். அவர்கள் கிளம்பும்முன் உதிர்ந்த முட்டைகள்தான் புழுவாகி, கூடாகி, ஆள் வரும் அதிர்வுக்காகக் காத்திருந்தன.

ஒரு வீட்டில் உள்ள தெள்ளுகளின் மொத்தக் கணக்கை எடுத்தால், நாயின்மேல் வாழும் முழுப்பூச்சிகள் நூற்றில் ஐந்து பங்கு அளவே. மீதியெல்லாம் முட்டையாகவும் புழுவாகவும் கூடாகவும் தரையில் இருக்கின்றன என்பது நாங்கள் மனத்தில் வைத்திருக்கும் உத்தேசக் கணக்கு. நீங்கள் ஷாம்பு போட்டபோது அந்த ஐந்து பங்கைக் கொன்றீர்கள். நுரையைக் கழுவியபின் ஷாம்புவின் வீரியம் முடியில் தங்குவதில்லை. அன்று இரவே கூட்டிலிருந்து வெளிவந்த புதிய தெள்ளு ஏறி உட்கார்ந்துவிட்டது. ஷாம்பு மோசமானதல்ல, நீங்கள் அதற்குக் கொடுத்த வேலை அதன் சக்திக்கு மீறியது.

ஆகவே வைத்தியம் இரண்டு முனையிலும் ஒரே நாளில் தொடங்க வேண்டும்: வீட்டிலுள்ள எல்லா விலங்குகளின்மேலும், வீட்டுத் தரையிலும். நாய்க்கு மட்டும் மருந்து கொடுத்துப் பூனையை விட்டுவிட்டால், பூனையே அவற்றுக்கு அடைக்கலமாகிவிடும். நம் ஊர் நாய்களில் காணப்படும் தெள்ளு இனங்களில் ஒன்றின் பெயரே பூனைத்தெள்ளு. அது இரண்டு விலங்கிலும் ஒரே மாதிரி வாழும்.

நாய்க்கான மருந்துகளில் இப்போது நான் பெரிதும் நம்புவது, மென்று விழுங்கும் மாத்திரைகளாக வரும் ஃப்ளூராலனர், அஃபாக்சோலனர், சாரோலனர் ஆகியவற்றை. அஃபாக்சோலனரும் சாரோலனரும் ஒரு மாதத்துக்கு ஒன்று. ஃப்ளூராலனர் ஏறக்குறைய மூன்று மாதம் வேலை செய்யும், அதை உணவோடு கொடுக்க வேண்டும். இவற்றை விழுங்கிய நாயின் ரத்தத்தைக் குடிக்கும் தெள்ளு ஒரு நாளுக்குள் செத்துவிடுகிறது, அதாவது பெரும்பாலும் முட்டையிடத் தொடங்கும் முன்பே. முட்டைச் சங்கிலி அறுபடுவது அந்த இடத்தில்தான். உண்ணிக்கும் இவையே வேலை செய்யும் என்பது நம் ஊருக்கு இன்னொரு வசதி. உங்கள் நாய்க்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் மட்டும் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இந்த வகை மருந்துகள் சில நாய்களுக்கு நடுக்கத்தையும் வலிப்பையும் ஏற்படுத்தக்கூடும் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2018 ஆம் ஆண்டில் எச்சரித்திருக்கிறது. அத்தகைய நாய்களுக்கு வேறு வழி பார்ப்போம்.

மாத்திரை ஒத்துவராதபோது ஃபிப்ரோனில் போன்ற சொட்டு மருந்து இருக்கிறது. இதில் பலர் தவறும் இடம் ஒன்று உண்டு: மருந்தை முடியின்மேல் ஊற்றிவிட்டு, போட்டாயிற்று என்று எண்ணிக்கொள்கிறார்கள். நாயின் நாக்கு எட்டாத தோள்பட்டைகளுக்கு நடுவே முடியை இரண்டாக வகிர்ந்து, தோல் வெள்ளையாகத் தெரிந்தபின் குழலின் நுனியைத் தோலிலேயே வைத்து முழுவதையும் பிழிய வேண்டும். தோலின் எண்ணெய்ப் பசையில் கரைந்துதான் அது உடம்பெங்கும் பரவுகிறது. அதனால்தான் போடுவதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது. உங்களைப் போல அடிக்கடி ஷாம்பு போடுகிறவர்களுக்கு இந்த மருந்து முழுப்பலன் தராமல் போவது இயல்பு. எந்த மருந்தானாலும் நாயின் எடையை நிறுத்துப் பார்த்து அதற்குரிய அளவையே வாங்குங்கள். பெரிய நாய்க்கான குழலை வாங்கிச் சிறிய நாய்களுக்குப் பங்கிடுவது ஆபத்து.

இப்போது பூனை. இந்தப் பத்தியை மட்டுமாவது வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டுங்கள். நாய்களுக்காக விற்கும் பல சொட்டு மருந்துகளிலும் பொடிகளிலும் தெளிப்பான்களிலும் பெர்மெத்ரின் என்ற பொருள் இருக்கிறது. நாய் அதைத் தாங்கும். பூனையின் ஈரலால் அதைச் சிதைத்து வெளியேற்ற முடியாது. அந்தச் சொட்டு மருந்தைப் பூனைக்கும் போட்டால், சில மணி நேரத்தில் காது துடிக்கும், உடல் நடுங்கும், பிறகு ஓயாத வலிப்பு வந்து உயிரே போகலாம். பெர்மெத்ரின் போட்ட நாயோடு ஒட்டிப் படுத்தாலும், அதை நக்கினாலும்கூடப் பூனைக்குத் தீங்கு நேரலாம். ஆதலால் உங்கள் வீட்டில் நாய்க்கு வாங்கும் மருந்திலும் பெர்மெத்ரின் இருக்கக் கூடாது. பூனைக்குப் பூனைக்கென்றே தயாரித்த செலாமெக்டின் போன்ற மருந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

வீட்டு வைத்தியம் என்ற பெயரில் நடக்கும் சிலவற்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மண்ணெண்ணெய் தடவிய நாய்களைப் பார்த்திருக்கிறேன். தோல் வெந்து உரிந்துவிடும், நக்கினால் நுரையீரல் பழுதாகும். தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைக் கரைத்துப் பூசுவது பலருக்குத் தீங்கற்றதாகத் தோன்றுகிறது. கற்பூரம் தோல் வழியாகவும் வாய் வழியாகவும் உள்ளே போனால் வலிப்பை உண்டாக்கும் நஞ்சு. வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தில் கொஞ்சம் தண்ணீரில் கலந்து குளிப்பாட்டியதால், வாயில் எச்சில் வழிய, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, தசை துடிதுடிக்கத் தூக்கி வரப்பட்ட நாய்களில் எல்லாவற்றையும் என்னால் காப்பாற்ற முடிந்ததில்லை. எறும்புப்பொடி, எறும்புச் சாக்பீஸ், பூண்டு அரைத்து ஊட்டுவது ஆகியவையும் வேண்டாம். பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேப்பிலை வேகவைத்து ஆறிய தண்ணீரில் கழுவுவதால் கேடு இல்லை, ஆனால் தெள்ளை ஒழிக்க அது போதாது.

வீட்டுக்கு வருவோம். எங்கே தேடுவது என்று குழம்ப வேண்டாம்: நாயும் பூனையும் அதிக நேரம் படுக்கும் இடங்களே முட்டை அதிகம் விழும் இடங்கள். ஒரு நாள் முழுவதும் அவை எங்கெங்கே படுக்கின்றன என்று கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். படுக்கைத் துணி, திரைச்சீலையின் கீழ்ப்பகுதி, சோபா உறை எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை கை பொறுக்காத சுடுநீரில் சோப்புத்தூளோடு ஊறவைத்துத் துவைத்து, உச்சிவெயிலில் காயப்போடுங்கள். சாக்கையும் பழைய கயிற்றுப்பாயையும் கழுவிக்கொண்டிருக்காமல் எறிந்துவிடுவது நல்லது. துடைப்பத்தால் பெருக்கினால் முட்டை இடம் மாறுமே தவிர முழுவதும் போகாது; தூசி உறிஞ்சும் கருவி இருந்தால் முதல் மூன்று வாரம் நாள்தோறும், கட்டிலடி, சுவரோரம், சோபா இடுக்கு ஆகியவற்றில் அழுத்தி இழுங்கள். அது முட்டைகளை எடுப்பதோடு, அதன் அதிர்வு கூட்டுக்குள் ஒளிந்திருக்கும் தெள்ளுகளை வெளியே வரவும் வைக்கிறது; வெளியே வந்ததை மருந்தால் கொல்லலாம், கூட்டுக்குள் இருப்பதைக் கொல்ல முடியாது. கருவியின் பையை அன்றன்றே கட்டி வெளியே எறியுங்கள். கருவி இல்லாத வீட்டில் பெருக்கிய தூசியைச் சோப்புத் தண்ணீரில் கொட்டிவிட்டு, தரையோட்டு இணைப்புகளிலும் சிமெண்டுத் தரையின் விரிசல்களிலும் கொதிநீர் ஊற்றித் துடைத்து, மின்விசிறியைப் போட்டு உடனே உலர்த்துங்கள். தெள்ளின் புழுவுக்கு ஈரப்பதம்தான் உயிர். உலர்ந்த இடத்தில் அது வாழாது. மழைக்காலத்தில் தொல்லை கூடுவதற்கும் காரணம் அதுவே.

வெளியே, வெயில் நேராக விழும் முற்றத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். அந்தச் சூட்டில் புழு பிழைக்காது. கார் நிற்கும் கொட்டகை, மாடிப்படியின் அடி, விறகோ தேங்காய் மட்டையோ குவித்த மூலை, வாழையடி போன்ற நிழலும் மணலும் சேர்ந்த இடங்களைச் சுத்தம் செய்யுங்கள். பூச்சிக்கொல்லி தெளிக்க ஆள் அழைப்பதானால், முட்டையும் புழுவும் வளர்வதைத் தடுக்கும் மெத்தோப்ரின் அல்லது பைரிப்ராக்சிஃபென் கலந்ததா என்று கேளுங்கள். தெளித்தது முற்றிலும் உலரும் வரை குழந்தை, நாய், பூனை யாரும் உள்ளே இருக்கக் கூடாது, மீன் தொட்டி இருந்தால் காற்றுக்குழாயை நிறுத்தி மூடிவிடுங்கள்.

எத்தனை நாளில் தீரும் என்று கேட்டிருக்கிறீர்கள். உள்ளதைச் சொல்கிறேன்: மருந்து கொடுத்த இரண்டாம் வாரத்திலும் மூன்றாம் வாரத்திலும்கூட நாயின்மேல் புதிய தெள்ளைப் பார்ப்பீர்கள். நிறையப் பேர் மருந்து போலி என்று முடிவு செய்து வேறொன்றுக்கு மாறுவது இந்த வாரங்களில்தான். அவை மருந்துக்குத் தப்பியவை அல்ல. மருந்து கொடுப்பதற்கு முன்பே கூடு கட்டியிருந்தவை இப்போது வெளிவருகின்றன. எண்ணிக்கை வாரந்தோறும் குறைகிறதா என்பதை மட்டும் பாருங்கள். இரவில் தரையில் ஒரு தட்டில் சோப்புத் தண்ணீர் வைத்து, அதற்கு மேலே தாழ்வாக ஒரு சிறு விளக்கை எரியவிட்டால், வெளிச்சத்தையும் சூட்டையும் நாடித் தாவும் தெள்ளுகள் அதில் விழும். காலையில் எண்ணிக் குறித்துவைத்தால் போக்கு தெரியும். குறைந்தது மூன்று மாதம் மருந்தை இடைவிடாமல் தொடர வேண்டும்.

வாலடிப் புண்ணுக்கு நீங்களாகக் களிம்பு எதுவும் தடவ வேண்டாம். அதில் கிருமி சேர்ந்திருக்கிறதா என்று மருத்துவர் பார்த்து, அரிப்பை அடக்கச் சில நாள் மாத்திரையும், தேவைப்பட்டால் நுண்ணுயிர்க்கொல்லியும் தருவார். அப்போதே நாடாப்புழுவைப் பற்றியும் கேளுங்கள். தெள்ளை விழுங்கும் நாய்க்கு அதன் வழியாக ஒரு வகை நாடாப்புழு வருகிறது. ஆசனவாயைச் சுற்றியோ படுத்த துணியிலோ வெள்ளரி விதை போன்ற வெண்துணுக்குகள் நெளிவதைக் கண்டால் அதுதான். பிராசிகுவான்டெல் மாத்திரையில் அது தீரும், தெள்ளு தீராவிட்டால் மறுபடி வரும்.

குழந்தையின் தடிப்பை சோப்புப் போட்டுக் கழுவி, சொறிந்து புண்ணாக்காமல் நகத்தை வெட்டிவிடுங்கள்; காய்ச்சல் வந்தால் தாமதிக்காமல் குழந்தை மருத்துவரிடம் தெள்ளுக்கடி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தெள்ளு என்றதும் பிளேக் நோய் நினைவுக்கு வந்து அஞ்சுகிறவர்கள் உண்டு. பிரெஞ்சு மருத்துவர் போல் லூயி சிமோன் 1898 ஆம் ஆண்டில் கராச்சியில் பிளேக்கோடு தொடர்புபடுத்திக் காட்டியது எலியின் தெள்ளை. உங்கள் நாயின்மேல் இருப்பது வேறு.

கடைசியாக, நாயை வெளியே கட்டுவது பற்றி. பெரியவர்களின் கவலை குழந்தையை நினைத்துத்தான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாயை வெளியேற்றினால் தரையில் உள்ள கூடுகள் எங்கும் போய்விடாது. வெளிவரும் தெள்ளுக்கு நாய் கிடைக்காதபோது, வீட்டில் நடமாடும் அடுத்த வெதுவெதுப்பான கணுக்கால் குழந்தையுடையது. மாறாக, மருந்து உட்கொண்ட நாய் வழக்கம்போல வீட்டுக்குள் உலவி, வழக்கமான இடங்களில் படுக்கட்டும். அது நடக்கும் அதிர்வில் தெள்ளு கூட்டைவிட்டு வெளிவந்து, அதன்மேல் ஏறி, ஒரு வாய் ரத்தம் குடித்து, முட்டையிடும் முன்பே செத்து விழும். குழந்தையை மட்டும் ஒரு மாதம் தரையில் படுக்கவைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாய் உள்ளேயே இருக்கட்டும்.